பூனை தூக்கிய நீல வாளி

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூடச் சரியாக உடற்பயிற்சி செய்ததில்லை. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் துணைவேந்தர். கண்டுபிடித்த நேரத்தில் அவர் சோபாவில் மல்லாந்து படுத்திருந்தார். வயிற்றின் மேல் மடிக்கணினி, மடிக்கணினியின் மேல் பிஸ்கட் தட்டு, எல்லாவற்றுக்கும் மேலே மனித குலத்தைப் பற்றிய கவலை.

"ஏன்னா, செய்யறதுக்கு முன்னாடி தேர்ந்தெடுக்கணும்க்கா. அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. திட்டம் தப்பா இருந்தா நீ செய்யறது பயிற்சியே இல்ல, வெறும் வேர்வை."

துணைவேந்தர் என்பது எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்த பதவி அல்ல. ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்து, அதன் பாடத்திட்டத்தில் அடிப்படைக் கோளாறு இருப்பதைக் கண்டறிந்து வெளியேறி, இன்னொன்றில் சேர்ந்து, அங்கும் அதே கோளாறைக் கண்டு மனம் நொந்தவரை வீட்டில் வேறு எப்படி அழைப்பது? இப்போது ஏதோ ஆய்வில் இருந்தார். எதைப் பற்றி என்று கேட்டால் கோபம் வரும். உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பணியை அவர் கல்லூரியில் கால் வைத்த ஆண்டே தொடங்கியிருந்தார். பணி நல்ல முன்னேற்றத்தில் இருந்தது. பயிற்சிதான் பாக்கி.

இந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டியவள் அக்கா. அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது வெளியில் கிடைத்தது. அவள் சினிமாவில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். படப்பிடிப்புத் தளத்தில் சத்தம் போடாமல் நடந்து நடந்து, நடப்பதே தெரியாமல் போய்விட்டது. சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் பையில் வைப்பாள். சிரிப்பு வந்தால் தோள் மட்டும் குலுங்கும், வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. பின்னாலிருந்து திடீரென்று "சார்" என்று கூப்பிட்டு மூன்று உதவி இயக்குநர்களின் தேநீரைக் கொட்ட வைத்த பிறகு, மொத்தக் குழுவும் கூடி அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது.

அன்று காலைதான் பூனையின் வாழ்க்கையில் ஒரு அசம்பாவிதம் நடந்திருந்தது.

பூம் என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் நீளும் மெல்லிய கம்பி. அதன் நுனியில் மைக். மைக்குக்குக் காற்று படாமலிருக்கப் புசுபுசுவென்று சாம்பல் நிற ரோம உறை. அந்த உறைக்குக் குழுவில் நாய்க்குட்டி என்று பெயர். நடிகர்கள் பேசும்போது ஒருவர் இந்தக் கம்பியைத் தலைக்கு மேல் இரண்டு கைகளாலும் ஏந்தி, நாய்க்குட்டி பேசுகிறவருடைய வாய்க்கு மேலே சரியாக, ஆனால் கேமராவுக்குத் தெரியாமல் நிற்கும்படி பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காட்சி முடியும்வரை கீழே இறக்கக் கூடாது. இருமக் கூடாது. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கட்டும்.

பூனை ஆண்டுக்கணக்காகக் கேபிள் சுற்றிக்கொண்டு, பேட்டரி மாற்றிக்கொண்டு, அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள். எந்த நடிகர் எந்த வார்த்தையில் தலையைத் திருப்புவார் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். பூம் பிடித்துக்கொண்டிருந்தவர் வேறு குழுவுக்குப் போய்விட்டதால், ஒலிப்பதிவாளர் அன்று காலை, "எங்க, நீ பிடி பாப்போம்" என்று கம்பியை அவளிடம் நீட்டினார்.

அப்பா வேடம் போட்ட மூத்த நடிகர் வீட்டை விற்றுவிட்ட செய்தியைச் சொல்லி அழும் காட்சி. அவர் நன்றாக அழக்கூடியவர். அவசரப்படாமல் அழுவார். பாதி அழுகையில் பூனையின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முக்கால் அழுகையில் தோள் எரிந்தது. சரியாகக் கண்ணீர் கன்னத்தில் உருளும் கணத்தில், நாய்க்குட்டி மெல்ல மெல்ல இறங்கி அவருடைய மூக்கின் முன்னால் வந்து நின்றது. வாழ்க்கையில் எல்லாவற்றையும் இழந்த மனிதருக்கு யாரோ ஒரு நாய்க்குட்டியைப் பரிசளித்தது போலிருந்தது. அவரும் கலைஞர் அல்லவா, அதைத் தடவிக் கொடுத்தார். தளமே சிரித்தது.

ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. பூனையைத் தனியே அழைத்தார்.

"உனக்குக் காது இருக்கும்மா. கைதான் இல்ல. அடுத்த கட்டப் படப்பிடிப்புல சமையலறைக் காட்சி ஒண்ணு வருது. ஒரே ஷாட், நடுவுல வெட்டே கிடையாது. இதே மாதிரி ரெண்டு மடங்கு நீளம். அன்னிக்கு நீயும் ஒரு டேக் பிடி, லைட்டுப் பசங்கள்ல அந்த மலையும் ஒரு டேக் பிடிக்கட்டும். யார் கை நிக்குதோ பூம் அவங்களுக்கு. நிக்கலைன்னா கேபிளையே பாத்துக்க. அதுவும் கௌரவமான வேலைதான்."

அந்தக் 'கௌரவமான' என்ற சொல்தான் வீடு வரும்வரை பூனையின் காதில் குடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் அவள் காது கொடுத்துக் காத்திருந்த வேலை, கை கொடுக்காமல் போய்விடப் போகிறது. போட்டிக்கு நிற்கிற மலையோ, விளக்குத் தாங்கிகளைச் சுமக்கிற பிரிவில் இருப்பவன். ஜிம்மிலேயே பிறந்து ஜிம்மிலேயே வளர்ந்தவன் என்று சொல்வார்கள். அவன் சட்டைக் கைக்குள் கையைத் தேடினால் தொடை அகப்படும்.

ஆகவேதான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "டேய், ஒண்டியா வீட்லயே செய்யற மாதிரி, சுலபமா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏதாவது பயிற்சி இருந்தா சொல்லுடா. கைக்கு பலம் வேணும்" என்று துணைவேந்தரிடம் கேட்டாள். ஆகவேதான் துணைவேந்தர் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பித்தார்.

"சுலபமாவா?" என்றார், வலி பொறுக்காதவர் போல. "அக்கா, சுலபம்ங்கிற வார்த்தையே இந்தத் துறையில கிடையாது." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். உடம்பைத் தொகுதிவாரியாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கிழமை ஒதுக்கியிருந்தார். முன்கைக்கும் மேற்கைக்கும் எல்லைத் தகராறு வேறு இருந்தது. "இது இன்னும் முழுசா முடியல. பின்தொடை விஷயத்துல எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கு."

"நீ இதுல எதையாவது செஞ்சு பாத்திருக்கியா?"

"நான் ஏன் செய்யணும்? பாலம் கட்டறதுக்குப் படம் போடறவன் முதல்ல ஆத்துல குதிக்கிறானா?"

பூனை தானே தேட ஆரம்பித்தாள். முதலில் ஒரு வீடியோ. அதில் கட்டுமஸ்தான ஒருவர் கத்திக் கத்தி இருபது முறை தண்டால் எடுத்தார். பூனை இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தாவது தண்டாலில் வந்த அதே மூச்சு, அதே தொண்டைக் கரகரப்போடு பத்தாவதிலும் வந்தது, பதினைந்தாவதிலும் வந்தது. மனிதர் எடுத்தது ஐந்துதான், மீதி ஒட்டு. மூடிவிட்டாள். அடுத்தது தெருமுனை ஜிம். அங்கே போய்ப் பார்த்தாள். கருவிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவளுக்குப் படப்பிடிப்பு ஒரு நாள் விடியுமுன் இருக்கும், ஒரு நாள் மதியம் இருக்கும். ஜிம் திறந்திருக்கிற நேரமும் அவள் ஊரில் இருக்கிற நேரமும் ஜென்மத்துக்கும் சந்திக்காது. அப்புறம் துணைவேந்தரின் திட்டம். அதன் முதல் வாரத்தைச் செய்யவே வேலையை ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது.

கடைசியில் அவள் தனக்கென்று ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி, இயக்குநரிடம் திட்டு வாங்கி, எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, பக்கத்தில் யாரும் பார்க்காமல் இருக்கும்போதும் எதை நான் செய்வேன்? அந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. மிச்சம் நின்றது, படம்கூட இல்லாத ஏதோ ஒரு பக்கத்தில் அவள் படித்த சாதாரண விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருப்பது. சமையல் மேடையில் கை ஊன்றிச் சாய்ந்து, தள்ளி நிமிர்வது. குனிந்து, முதுகை வளைக்காமல் ஒரு கனத்தை இடுப்புவரை இழுப்பது. ஏதாவது ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது. ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கனம் கூட்டு. அவ்வளவுதான். மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை.

கனத்துக்குக் குளியலறையில் இருந்த நீல வாளி கிடைத்தது. அதில் தண்ணீர் ஊற்றலாம். கனம் கூட்ட வேண்டுமானால் இன்னொரு மக். தலைக்கு மேல் பிடிக்க, தரை துடைக்கிற மாப்புக் கட்டை. அதன் நுனித் துணியை நனைத்துவிட்டால் நாய்க்குட்டிக்குச் சித்தப்பா மகன் மாதிரி கனக்கும்.

மாப்பைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு கூடத்தின் நடுவில் சிலையாக நின்றவளை அம்மா பார்த்தாள். அம்மா தையற்காரி. எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். மகளைப் பார்த்தாள், மாப்பைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"அதான் அவ்வளவு உயரம் தூக்கிட்டியே, அந்த மூலையில ஒட்டடையையும் எடுத்துடேன்."

துணைவேந்தருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அம்மா, இதுக்குப் பேரு பயிற்சி இல்ல. வீட்டு வேலை. கேளுக்கா, உன் திட்டத்துல அறிவியல் எங்க இருக்கு?"

"வாளியில."

அன்று முதல் அவர் நேர்முக வர்ணனை தொடங்கினார். பூனை வாளியைத் தொட்டால் போதும், சோபாவிலிருந்து வானொலிக் குரல் வரும். "இதோ, வீராங்கனை குனிகிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. எதிரே நீல நிற வாளி, பிளாஸ்டிக் பிரிவில் நடப்பு சாம்பியன்…" பூனை காதில் வாங்கிக்கொள்ளாமல் இழுப்பாள். தோள்கள் மட்டும் குலுங்கும். வாளித் தண்ணீர் கொஞ்சம் சிந்தும்.

ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. மக் தண்ணீர் கூட்டிய ஒரு காலையில், வாளியை இடுப்புவரை இழுத்தவளுக்குக் கண் முன்னால் பொறி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வாளி சாய்ந்து கூடமெல்லாம் தண்ணீர். ஓய்வு நாள் விட்டு அடுத்த முறையும் அதே பொறி, அதே சுவர். மாப்பைத் தூக்கினாலும், கொஞ்ச நேரத்தில் காது அடைத்து, முட்டி தளர்ந்தது.

"சாப்பிடறியா ஒழுங்கா?" என்றாள் அம்மா. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

துணைவேந்தர் கால் நனையாமல் சோபாவின் மேல் சம்மணமிட்டுத் தீர்ப்பு வழங்கினார். "நான் சொன்னேன்ல? திட்டம் தப்பு. எல்லாத்தையும் நிறுத்து. திரும்ப முதல்லேர்ந்து தேர்ந்தெடுப்போம். எனக்கு ஒரு மாசம் குடு."

சமையலறைக் காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பூனைக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? உடம்பே லாயக்கில்லையோ? கேபிள் கௌரவமான வேலைதானோ?

அவளுடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காட்சியில் எங்கே கோளாறு என்று தெரியவில்லையா, வாயால் விவாதிக்காதே. பதிவைப் போட்டுக் கேள். தன்னுடைய பழைய சின்ன ரெக்கார்டரை அலமாரி மேல் வைத்து ஓடவிட்டு, நாற்காலி, மேடை, வாளி, மாப்பு என்று எல்லாவற்றையும் ஒரு முறை செய்தாள். பொறி பறந்ததும் நிறுத்தினாள். உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

நாற்காலி முனகியது. குழாய் சொட்டியது. அம்மாவின் தையல் இயந்திரம் பக்கத்து அறையில் ஓடி நின்றது. வாளியின் கைப்பிடி 'கிரீச்' என்றது, தண்ணீர் தளும்பியது, வாளி தரையில் உட்கார்ந்தது. மறுபடி 'கிரீச்', மறுபடி தளும்பல். எல்லாம் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. யாரும் இல்லாத வீட்டில் வாளி தானாகவே எழுந்து தானாகவே உட்காருவது போலிருந்தது.

பூனை பதிவைத் திரும்ப ஓடவிட்டாள். அதே வெறுமை. பிறகு புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் மூச்சே விடவில்லை. கையில் எதை எடுத்தாலும் டேக் ஓடுகிறது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. வாளியைத் தொட்டதும் மூச்சு நின்றுவிடுகிறது. கீழே வைத்த பிறகுதான் வருகிறது. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் வாளி தூக்குகிறார்கள். வாளிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

திட்டம் அப்படியே இருந்தது. மூச்சு மட்டும் சேர்ந்தது. முதலில் கூச்சமில்லாமல், ஊர் கேட்கும்படி விட்டாள். எழும்போது 'ஹா', தள்ளும்போது 'ஹா', இழுக்கும்போது 'ஹா'. "கூடத்துல ரயில் வருதா?" என்றாள் அம்மா. பொறி பறக்கவில்லை. காது அடைக்கவில்லை. அடுத்து, அந்த மூச்சைத் தொழிலுக்குத் தகுந்த மாதிரி செதுக்கினாள். வாயை லேசாகத் திறந்து, தாடையைத் தளரவிட்டு, நூல் பிரிப்பது போல மெல்ல வெளியே. ஒவ்வொரு முறையும் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டாள். மூச்சு இருக்க வேண்டும். ஆனால் பதிவில் இருக்கக் கூடாது. அது வசப்பட்டதும் மாப்பு தலைக்கு மேல் நின்ற நேரம் தானாகவே நீண்டது. வாளியில் மக் மக்காகத் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் பார்த்தால் வாளியில் இடமில்லை.

வீட்டில் அந்தக் கைப் பலம் முதலில் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோபாவுக்கு அடியில் பெருக்க வேண்டும், கொஞ்சம் எழுந்திரு என்று அம்மா துணைவேந்தரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் பின்தொடை பற்றி முக்கியமான கட்டத்தில் இருந்தார். பூனை வந்தாள். சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள். முட்டியை மடக்கி, மூச்சை விட்டு, தூக்கினாள். துணைவேந்தர் தன் வாழ்நாளில் முதல் முறையாக உயர்ந்தார்.

"ஏய்! ஏய்! பிஸ்கட்! பிஸ்கட் சரியுது!"

"நல்லா உள்ள வரைக்கும் பெருக்கும்மா" என்றாள் பூனை. "அவசரமே இல்ல."

அம்மா அவசரப்படவில்லை. அடியில் மூன்று பேனா, ஒரு செருப்பு, நூலகப் புத்தகம் ஒன்று எல்லாம் கிடைத்தன. இறக்கி வைத்த பிறகும் துணைவேந்தரின் முகத்தில் ஈயாடவில்லை. பிஸ்கட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "மரம் லேசு. உள்ள பஞ்சுதான்" என்றார். அன்று வர்ணனை ஒலிபரப்பாகவில்லை.

சமையலறைக் காட்சியன்று தளத்தில் எறும்பு விழுந்தால் கேட்கும். இந்தக் காட்சியிலும் அதே மூத்த நடிகர்தான் அப்பா. மகளோடு சண்டை போட்டு, கதவை அறைந்து, திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டு அழ வேண்டும். இடையில் வெட்டு கிடையாது. முடிந்ததும் ரூம் டோன். அதாவது, எல்லாரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்வார்கள்; பிறகு எடிட்டிங்கில் ஓட்டை விழுகிற இடத்தில் ஒட்டுப் போட உதவும். குழுவில் அதற்கு மௌன அஞ்சலி என்று பெயர்.

முதல் டேக் மலைக்கு. மரப்பெட்டி மேல் ஏறி, பாம்பின் கழுத்தைப் பிடிப்பது போலக் கம்பியைப் பிடித்தான். பிடித்தால் பிடிதான், நாய்க்குட்டி இம்மியும் அசையவில்லை. ஆனால் கதவு அறையப்படும்போதே மலையின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்பா திரும்பி வரும்போது முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கும்போது முகம் வேறு ஒரு நிறத்துக்குப் போனது, அதற்குத் தமிழில் பெயர் இல்லை. எப்படியோ காட்சி முடியும்வரை தாக்குப்பிடித்தான். "யாரும் அசையாதீங்க, ரூம் டோன்" என்று பக்கத்து அறையிலிருந்து ஒலிப்பதிவாளர் குரல் கொடுத்த அடுத்த கணம், இத்தனை நேரம் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தார். "எவன்டா அடுப்புல குக்கரை வெச்சது?"

"நான்தான் சார்" என்றான் மலை, பெட்டியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி. "மூச்சை அடக்கினாதான சார் சத்தம் வராது?"

பூனைக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவனும் அவளைப் போல மூச்சடக்கிய வாளிக்காரன்தான்.

அடுத்து அவள் ஏறினாள். கம்பியை இறுக்கிப் பிடிக்கவில்லை, ஏந்தினாள். தாடையைத் தளரவிட்டாள். காட்சி ஓடியது. அப்பா கத்த, மகள் கத்த, நாய்க்குட்டி அவர்கள் தலை திரும்புவதற்கு ஒரு கணம் முன்பே அந்தப் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. கதவு அறைந்தது. தோள் சூடேறியது. சரி, வாளி பாதி. அப்பா திரும்பி வந்தார். முக்கால் வாளி. மூத்த நடிகருக்கு அன்று என்ன தோன்றியதோ, போன முறை நாய்க்குட்டியால் பறிபோன அழுகையை வட்டியோடு அழுவது என்று முடிவு செய்துவிட்டார். எழுதியிருந்த வசனம் முடிந்தும் அழுதார். நிறுத்தி, மூக்கைத் துடைத்து, மகளைப் பார்த்து, மறுபடி அழுதார். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாரே தவிர, வெட்டச் சொல்லவில்லை. காட்சி நீண்டுகொண்டே போனது.

முழு வாளி. கை எரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும், காதுக்குள் அந்த வானொலிக் குரல்? 'எதிரே நீல நிற வாளி, பிளாஸ்டிக் பிரிவில் நடப்பு சாம்பியன்…' பூனைக்குச் சிரிப்பு முட்டியது. இந்த வேலையில் வலி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் நாய்க்குட்டி ஆடும், ஆடினால் கேபிள். தம்பி இங்கே வராமலே தன் அக்காவைக் கவிழ்க்கப் பார்த்தான். அவள் அந்தச் சிரிப்பையும் நூலாகப் பிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல், வாய் வழியாக வெளியே அனுப்பினாள். தோள் நின்றது. நாய்க்குட்டி நின்றது.

"கட்!"

"யாரும் அசையாதீங்க. ரூம் டோன்."

மௌன அஞ்சலி ஆரம்பித்தது. மலை உட்பட எல்லாரும் பொம்மையாக நின்று, அவள் கைகளையே பார்த்தார்கள். இன்னொரு மக், என்று சொல்லிக்கொண்டாள் பூனை. வாளியில் இடமில்லை. பரவாயில்லை, ஊற்று. இன்னொரு மக். கை அவளுடையதாக இல்லாமல் போய், மறுபடி அவளுடையதாகத் திரும்பி வந்தது. மூச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

ஒலிப்பதிவாளர் வாசலில் வந்து நின்றார். ஒரு காதில் ஹெட்போன். முகத்தில் குழப்பம்.

"பூனை எங்க? நடுவுலயே இறங்கிப் போயிட்டாளா?"

எல்லாரும் பெட்டியின் மேலே கை காட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, கம்பியை இன்னும் இறக்காத அவள் காதில் தானே மாட்டிவிட்டு, பதிவை ஓடவிடச் சொன்னார். அறை இருந்தது. குளிர்பெட்டியின் முனகல் இருந்தது. எங்கோ ஒரு குழாய். ஆள் இல்லை. அன்றைக்கு அலமாரி ரெக்கார்டரில் கேட்ட அதே வெறுமை. ஆனால் இந்த முறை மூச்சு விட்டுக்கொண்டே இல்லாமல் போயிருந்தாள்.

"இறக்கும்மா" என்றார் ஒலிப்பதிவாளர். "இனிமே அது உன்னுது."

முதலில் கைதட்டியது மலை. அவன் தட்டினால் தளம் அதிரும். மூத்த நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நாய்க்குட்டியைத் தடவிக் கொடுத்தார். "இன்னிக்கு சமத்தா இருந்துச்சே!" பூனை சிரித்தாள். இப்போது குலுங்கலாம் அல்லவா? தோள், வயிறு எல்லாம் குலுங்க, குழுவில் யாரும் இதுவரை கேட்டிராத பெருஞ்சத்தத்தோடு சிரித்தாள். இரண்டு உதவி இயக்குநர்கள் தேநீரைக் கொட்டினார்கள்.

கிளம்பும்போது மலை ரகசியமாக அருகில் வந்தான். "பூனை, எனக்கு மட்டும் சொல்லு. என்ன ரொட்டீன் பண்ற? எந்த எக்விப்மென்ட்?"

"வாளி."

"எந்த கம்பெனி?"

"நீலக் கலர்."

அவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

வீட்டில் அம்மா சேதி கேட்டு, அளவு நாடாவை எடுத்து வந்து மகளின் மேற்கையைச் சுற்றி அளந்தாள். "எல்லா ஜாக்கெட் கையையும் பிரிச்சு விடணும்" என்றாள். அம்மா பெருமைப்படும் விதம் அதுதான். துணைவேந்தர் சோபாவிலிருந்து கை நீட்டிக் குலுக்கினார். "வாழ்த்துகள்க்கா. ஆனா இது புள்ளியியல் ரீதியா ஒரு விபத்து. ஒரு ஆளை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது." சொல்லிவிட்டுத் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அக்கா குலுக்கிய கை.

சில நாள் கழித்து, குழுவின் புது மைக் ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் பூனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மதியம். கூடத்தில் ஹெட்போனோடு நின்று, கம்பியை நீட்டி, நாய்க்குட்டியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஜன்னல் பக்கம் ஒரு சைக்கிள் மணி. மேலே மின்விசிறியின் பேரிங். அம்மாவின் கத்தரி துணியைக் கடித்துக்கொண்டு போனது.

"ஏண்டி, குளியலறையில வாளியக் காணோமே, எங்க வெச்ச?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

"நான் எடுக்கலம்மா."

சோபா காலியாக இருந்தது. அதுவே அந்த வீட்டில் செய்தி. துணைவேந்தரின் அறைக் கதவு முழுவதும் சாத்தாமல் ஒருக்களித்திருந்தது. ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு. பூனை சத்தமில்லாமல் இரண்டு எட்டு நடந்து, நாய்க்குட்டியை அந்த இடுக்கின் பக்கம் திருப்பினாள்.

கிரீச்.

அந்தக் கைப்பிடியை அவளுக்குத் தெரியாதா? தண்ணீர் தளும்பியது. கொஞ்சம்தான் தண்ணீர், அடிவாளிச் சத்தம். கூடவே ஒரு மூச்சு, தொண்டையில் முட்டி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று பதுங்கிப் பதுங்கி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு.

"ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…" வாளி தரையில் உட்கார்ந்தது. நெடிய இடைவெளி. ஒரு பெருமூச்சு. "…ஆறு."

பூனையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. நாய்க்குட்டி ஆடியது. அதை மூச்சால் அடக்கிக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமலே, கதவு இடுக்கைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"அஞ்சு."

உள்ளே முணுமுணுப்பு சட்டென்று நின்றது. பூனை காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருந்து பழக்கம். கையும் இப்போது வலிக்கவில்லை.

கிரீச்.

"…அஞ்சு" என்றார் துணைவேந்தர்.